பெண்பிள்ளைகளுக்கு ஏன் சாஃப்ட்பால் மட்டும்?

கேள்வி: எங்களுக்குக் கொல்லிமலையில் ஆலத்தூர் நாடு. என் மகள் உண்டு உறைவிடப் பள்ளியில் ஒன்பதாவது படிக்கிறாள். இந்த வருஷம் அவர்கள் பள்ளியில் மட்டையும் பந்தும் வாங்கி, பையன்களுக்கு பேஸ்பால், பெண்பிள்ளைகளுக்கு சாஃப்ட்பால் என்று பிரித்து பி.டி. பீரியடில் சொல்லிக்கொடுக்கிறார்கள். “பசங்களைவிட நான் தூரமா எறியறேன். எனக்கு மட்டும் ஏன் அந்தப் பந்து கிடையாது?” என்று லீவுக்கு வந்தவள் கேட்கிறாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பெண்பிள்ளை உடம்புக்கு அந்த ஆட்டம் ஆகாது, தோள்பட்டை போய்விடும், பின்னால் பிள்ளைப்பேறுக்குக் கஷ்டம் என்று ஊரில் சிலர் சொல்கிறார்கள். அது நிஜமா? சாஃப்ட்பால் ஆடினால் மேற்கொண்டு ஏதாவது வழி உண்டா? இல்லை, பேஸ்பால்தான் வேண்டும் என்று அவள் நிற்பது சரியா?

ஒரு தாய், ஆலத்தூர் நாடு, நாமக்கல் மாவட்டம்

பதில்: அம்மா, உங்கள் மகள் கேட்டது நியாயமான கேள்வி. முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெண் உடம்பு பேஸ்பாலைத் தாங்காது என்பது உண்மையில்லை. பையன்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என்ற பிரிவினை அமெரிக்காவில் ஏற்பட்ட ஒரு வழக்கம். போட்டிகளும் பதக்கங்களும் உதவித்தொகைகளும் அந்த வழக்கத்தை ஒட்டியே அமைந்துவிட்டதால் உலகம் முழுக்க அது நிலைத்துவிட்டது. அதே சமயம், சாஃப்ட்பால் மட்டமான ஆட்டமும் இல்லை. உங்கள் மகள் அதைத் தாராளமாக ஆடலாம். பேஸ்பாலும் அவளுக்கு உரியதுதான் என்பதை அவளும் நீங்களும் அவளுடைய ஆசிரியரும் தெரிந்துகொண்டு ஆடினால் போதும்.

இனி விவரமாகப் பார்ப்போம்.

இரண்டு ஆட்டத்துக்கும் என்ன வித்தியாசம்?

அடிப்படை ஒன்றுதான். பிட்சர் பந்தை எறிவார், பேட்டர் அடிப்பார், அடித்தவர் நான்கு பேஸ்களையும் சுற்றி ஓடி வந்தால் ஒரு ரன். அளவுகள்தான் மாறும்.

பேஸ்பாலில் ஒரு பேஸிலிருந்து அடுத்த பேஸ் 90 அடி. சாஃப்ட்பாலில் 60 அடி. பேஸ்பால் பிட்சர் 60 அடி 6 அங்குலத் தூரத்திலிருந்து தோளுக்கு மேல் கையை உயர்த்தி எறிவார். பெண்கள் சாஃப்ட்பாலில் பிட்சர் நிற்பது 43 அடியில். அங்கிருந்து கையைக் கீழிருந்து வீசித்தான் எறிய வேண்டும். பேஸ்பால் 9 இன்னிங்ஸ், சாஃப்ட்பால் 7.

பந்தைப் பாருங்கள். பேஸ்பால் பந்தின் சுற்றளவு சுமார் 23 செ.மீ., எடை 142 முதல் 149 கிராம். சாஃப்ட்பால் பந்தின் சுற்றளவு சுமார் 30 செ.மீ., எடை 178 முதல் 198 கிராம். ஆக, பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பந்துதான் பெரியது, அதுவே கனமானதும்கூட. பதின்மூன்று வயதுப் பிள்ளையின் கையில் இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். சின்னப் பந்தை விரல்கள் முழுதாகப் பற்றிக்கொள்ளும். பெரிய பந்தைப் பிடிக்க விரல்களை அகல விரிக்க வேண்டியிருக்கும். பெண்களின் உடல்வாகை யோசித்து இந்த ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்திருந்தால், சிறிய கைக்குப் பெரிய பந்தை யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள். கூடைப்பந்தில் பெண்கள் ஆடுவது 6-ஆம் எண் பந்து, ஆண்கள் ஆடுவது 7-ஆம் எண். அங்கே கையின் அளவை யோசித்திருக்கிறார்கள். இங்கே யோசிக்கவில்லை.

சாஃப்ட்பால் என்று பெயர் இருப்பதால் பந்து மெத்தென்று இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். பட்டால் எலும்பு முறியும் அளவுக்குக் கெட்டியானது. அதனால்தான் பேட்டருக்கு ஹெல்மெட்டும், அவருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்க நிற்கும் கேட்சருக்கு முகக்கவசம், மார்புக்கவசம், கால்காப்பும் கட்டாயம். பள்ளியில் பந்தும் மட்டையும் மட்டும் வாங்கியிருந்தால், இந்தக் கவசங்களையும் வாங்கச் சொல்லுங்கள். அவை இல்லாமல் வேகமாகப் பந்தெறிய விடக்கூடாது.

கீழிருந்து எறிவது சுலபமா?

சாஃப்ட்பால் பிட்சர் எறிவதைப் பக்கத்தில் நின்று பார்க்காதவர்கள், கீழிருந்து எறிவதை ஏதோ லேசான வேலை என்று நினைத்துவிடுகிறார்கள். தேர்ந்த பிட்சர் இடுப்புக்குப் பக்கத்திலிருந்து கையைக் கிளப்பி, முன்னால் கொண்டுபோய், தலைக்கு மேல் தூக்கி, பின்பக்கமாக இறக்கி ஒரு முழு வட்டம் சுற்றுகிறார். அதே நேரத்தில் ஒரு காலால் தரையை உந்தி, இன்னொரு காலை நீளமாக எட்டி வைக்கிறார். கை தொடைக்கு அருகே வரும்போது மணிக்கட்டைச் சொடுக்கிப் பந்தை விடுகிறார். கை முழு வட்டம் சுற்றி முடிவதற்குள் தோள், முதுகு, இடுப்பு, தொடை எல்லாம் ஒன்றுசேர்ந்து வேலை செய்கின்றன.

இப்படி எறியும் பந்து மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வந்தால், தூரம் குறைவு என்பதால் பேட்டருக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 0.4 விநாடி. பேஸ்பாலில் மணிக்கு 150 கி.மீ. வேகத்தில் வரும் பந்துக்கும் ஏறத்தாழ இதே நேரம்தான். 2004-இல் அமெரிக்காவில் நடந்த ஒரு காட்சி ஆட்டத்தில் சாஃப்ட்பால் வீராங்கனை ஜென்னி ஃபின்ச், அந்நாட்டின் தலைசிறந்த பேஸ்பால் பேட்டர்களில் ஒருவரான ஆல்பர்ட் புஹோல்ஸை ஆட்டமிழக்கச் செய்தார். பழகாத கோணத்தில் கீழிருந்து எழும்பி வரும் பந்தை அவரால் தொட முடியவில்லை.

ஆகவே சாஃப்ட்பால் ஆடுபவர் எளிதான ஆட்டம் ஆடுகிறார் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

உடம்புக்கு ஆகாது என்பது

இது உங்கள் ஊரில் மட்டும் உள்ள பயம் இல்லை, அம்மா. நூறு வருஷத்துக்கு முன் உலகம் முழுக்க மருத்துவர்களே இப்படித்தான் பேசினார்கள். 1928-இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முறையாக 800 மீட்டர் ஓடினார்கள். ஓட்டம் முடிந்ததும் சிலர் களைத்துத் தரையில் உட்கார்ந்ததைப் பெரிதுபடுத்தி, பெண்கள் இவ்வளவு தூரம் ஓடக்கூடாது என்று தூக்கிவிட்டார்கள். மறுபடி அந்த ஓட்டம் பெண்களுக்குக் கிடைத்தது 1960-இல்தான். மாரத்தான் 1984 வரை கிடைக்கவில்லை, கோலூன்றித் தாண்டுதல் 2000 வரை இல்லை, குத்துச்சண்டை 2012 வரை இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஆகாது என்ற அதே காரணம்தான். கதவு திறந்த பிறகு, பயந்தபடி எதுவும் நடக்கவில்லை.

தோளுக்கு மேல் கை தூக்கி எறிவது பெண்ணுக்கு ஆகாது என்றால் ஈட்டி எறிதல் எப்படி ஆகும்? 1932-இலிருந்து பெண்கள் ஒலிம்பிக்கில் ஈட்டி எறிகிறார்கள். நம் பள்ளி தடகளப் போட்டிகளிலும் மாணவிகள் எறிகிறார்கள். பந்தெறிவதால் பிள்ளைப்பேறு பாதிக்கும் என்பதற்கு மருத்துவத்தில் எந்த ஆதாரமும் இல்லை. கருப்பை இடுப்பெலும்புக்குள் நல்ல பாதுகாப்பாக இருக்கிறது. பிள்ளைக்கு நிஜமாக ஆபத்தானவை இரத்தசோகையும் சரியான சாப்பாடு இல்லாமையும்தான். கவலைப்பட வேண்டியது அவற்றைப் பற்றி.

தோள்பட்டை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை தேவை. அது பெண்பிள்ளைக்கு மட்டும் உரியதில்லை, எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவானது. வளரும் வயதில் அளவுக்கு மேல் பந்தெறிந்தால் முழங்கையும் தோளும் கெடும். அமெரிக்கச் சிறுவர் பேஸ்பாலில் 11, 12 வயதுப் பிள்ளை ஒரு நாளைக்கு 85 பந்துக்கு மேல் எறியக்கூடாது, 13 முதல் 16 வயது வரை 95-க்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். நிறைய எறிந்த பிறகு ஓய்வு நாட்களும் உண்டு. கீழிருந்து எறிவது இயற்கையான அசைவு, அதனால் எத்தனை வேண்டுமானாலும் எறியலாம் என்று சாஃப்ட்பாலில் ஒரே பிள்ளையை எல்லா மேட்சிலும் பிட்சராக நிறுத்துவார்கள். அது தவறு. வட்டமாகக் கை சுற்றும்போது தோளின் முன்பக்கத் தசைநாரில் கடும் இழுப்பு விழுகிறது. பள்ளியில் குறைந்தது மூன்று பிள்ளைகளையாவது பிட்சராகப் பழக்க வேண்டும். வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும்.

அப்படியானால் இந்தப் பிரிவினை எங்கிருந்து வந்தது?

சாஃப்ட்பால் பெண்களுக்காகக் கண்டுபிடிக்கப்பட்ட ஆட்டம் இல்லை. 1887 நவம்பரில் சிகாகோ நகரத்துப் படகுக் குழாம் ஒன்றில் கூடியிருந்த ஆண்கள், குத்துச்சண்டைக் கையுறையைக் கயிற்றால் சுற்றிக் கட்டிப் பந்தாக்கி, துடைப்பக் கம்பால் அடித்துக் கூடத்துக்குள்ளேயே ஆடினார்கள். குளிர்காலத்தில் வெளியே பேஸ்பால் ஆட முடியாததற்கு மாற்றாக அது பரவியது. 1895-இல் மினியாபொலிஸ் நகரத் தீயணைப்பு வீரர் லூயிஸ் ரோபர், நிலையத்தில் சும்மா இருக்கும் நேரத்தில் வீரர்கள் ஆடட்டும் என்று பக்கத்துக் காலி மனையில் இதை நடத்தினார். இடம் கொஞ்சம் போதும், செலவு குறைவு என்பதால் 1930-களின் பொருளாதார நெருக்கடிக் காலத்தில் ஆண்களும் பெண்களும் அங்கே இதை ஏராளமாக ஆடினார்கள்.

பெண்கள் பேஸ்பால் ஆட வராமல் இல்லை, வந்தார்கள். 1931-இல் 17 வயது ஜாக்கி மிட்செல் ஒரு காட்சி ஆட்டத்தில் பேப் ரூத், லூ கெரிக் என்ற இரண்டு பெரும் பேட்டர்களை அடுத்தடுத்து ஆட்டமிழக்க வைத்தார். 1943-இல், போருக்கு ஆண்கள் போய்விட்ட காலத்தில், பெண்களுக்கென்று தொழில்முறை லீக் ஒன்று தொடங்கியது. அந்த லீக்கின் கதை உங்கள் மகளின் கேள்விக்கு நேரான சாட்சி. தொடக்கத்தில் அவர்கள் ஆடியது 12 அங்குலச் சாஃப்ட்பால் பந்தில், கையைக் கீழிருந்து வீசி எறிந்துதான். வருஷத்துக்கு வருஷம் பந்தைச் சிறிதாக்கி, தூரத்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள். 1948-இல் தோளுக்கு மேலிருந்து எறியத் தொடங்கிவிட்டார்கள். 1954-இல் ஆண்கள் ஆடும் அதே அளவுப் பந்து வந்துவிட்டது. அந்த வருஷத்தோடு லீக் மூடப்பட்டதற்குக் காரணம் கூட்டமும் வருமானமும் குறைந்ததுதான். சுமார் 600 பெண்கள் ஆடிய அந்தப் பன்னிரண்டு பருவங்களில், பெண்களால் முடியவில்லை என்று எங்கும் நிரூபணமாகவில்லை.

ஆனாலும் கதவு அடைபட்டது. 1952-இல் ஹாரிஸ்பர்க் நகரத்து ஆண்கள் அணி எலனர் எங்கிள் என்ற பெண்ணைச் சேர்க்கப் பார்த்தபோது, பெண்களோடு ஒப்பந்தம் செய்யக்கூடாது என்று பேஸ்பால் நிர்வாகமே தடை போட்டது. சிறுவர் அணிகளிலும் பெண்பிள்ளைகளுக்கு இடமில்லை. 1972-இல் நியூ ஜெர்சி மாநிலத்தில் 12 வயது மரியா பெப்பே மூன்று மேட்ச் ஆடினாள். அவளை வைத்திருந்தால் அணியின் அங்கீகாரத்தையே பறிப்போம் என்றார்கள். வழக்கு நடந்தது. 1974-இல் பெண்பிள்ளைகள் பக்கம் தீர்ப்பு உறுதியானது, சிறுவர் பேஸ்பால் அமைப்பு விதியை மாற்றியது. அதே 1974-இல், அதே அமைப்பு பெண்பிள்ளைகளுக்கென்று தனியாக சாஃப்ட்பால் பிரிவையும் தொடங்கியது. அனுமதி ஒரு பக்கம் கொடுத்தார்கள், வேறு வாசலை இன்னொரு பக்கம் காட்டினார்கள். பெண்பிள்ளைகள் பெரும்பாலும் அந்த வாசல் வழியாகவே போனார்கள்.

1972-இல் அமெரிக்காவில் வந்த கல்விச் சட்டம் ஒன்று, பள்ளி கல்லூரிகளில் பெண்களுக்கும் சமமான விளையாட்டு வாய்ப்புத் தர வேண்டும் என்றது. பையன்களுக்கு பேஸ்பால் அணி இருந்தால் பெண்களுக்கு சாஃப்ட்பால் அணி வைத்துக் கணக்கைச் சரிசெய்தார்கள். கல்லூரி உதவித்தொகை சாஃப்ட்பாலுக்குக் கிடைத்தது. பெண்ணை பேஸ்பாலில் விட்டால் மேலே போக வழி இல்லை என்று பெற்றோரும் உணர்ந்தார்கள். ஒலிம்பிக்கிலும் அப்படியே ஆயிற்று. 1992-இல் ஆண்களுக்கு பேஸ்பால், 1996-இல் பெண்களுக்கு சாஃப்ட்பால். 2008-க்குப் பிறகு இரண்டும் நீக்கப்பட்டன, டோக்கியோவில் திரும்பின, 2028 லாஸ் ஏஞ்சலிஸிலும் இதே பிரிவினையோடு வருகின்றன. ஆசிய விளையாட்டிலும் பெண்களுக்கு சாஃப்ட்பால், ஆண்களுக்கு பேஸ்பால் என்பதே நடைமுறை.

உங்கள் மகளின் பள்ளியில் பையன்களுக்கு ஒன்று, பெண்பிள்ளைகளுக்கு ஒன்று என்று பிரித்தவர் இந்த நடைமுறையைப் பார்த்துத்தான் பிரித்திருப்பார். அவர் மேல் வருத்தம் வேண்டாம்.

நம் நாட்டில் நிலைமை வேறு

இந்தியாவில் முதலில் சங்கம் அமைந்தது சாஃப்ட்பாலுக்குத்தான். இந்திய சாஃப்ட்பால் சங்கம் 1961-இல் ஜோத்பூரில் தொடங்கியது. பேஸ்பால் சம்மேளனம் 1983-இல்தான் வந்தது. இருபது வருஷம் முந்திக்கொண்டதால் பள்ளி, பல்கலைக்கழகப் போட்டிகளில் சாஃப்ட்பால் நன்றாக வேரூன்றிவிட்டது. அதுவும் இருபாலருக்கும். தேசியப் பள்ளி விளையாட்டுகளில் பையன்களும் சாஃப்ட்பால் ஆடுகிறார்கள். பெண்களுக்குத் தேசிய பேஸ்பால் போட்டி நடக்கிறது. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலும் பெண்கள் பேஸ்பால் உண்டு. ஆகவே பையன்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என்ற கோடு நம் நாட்டு விதிப்புத்தகத்தில் இல்லை.

இந்தியாவுக்குப் பெண்கள் பேஸ்பால் அணி இருக்கிறது. 2016-இல் தென் கொரியாவின் கிஜாங்கில் நடந்த பெண்கள் பேஸ்பால் உலகக் கோப்பையில் 12 நாடுகளில் ஒன்றாக இந்தியா ஆடியது. அந்தக் கோப்பை 2004-இலிருந்து நடக்கிறது. 2008-இலிருந்து தொடர்ந்து பட்டம் வெல்வது ஜப்பான். அங்கே உயர்நிலைப் பள்ளி மாணவிகளுக்கென்றே தேசிய பேஸ்பால் போட்டி இருக்கிறது. ஆண்கள் மட்டும் ஆடிவந்த புகழ்பெற்ற கோஷியென் மைதானத்தில் 2021-இல் மாணவிகளின் இறுதிப்போட்டி நடந்தது. பள்ளியில் தொடங்கியதால்தான் அந்த நாட்டுப் பெண்கள் உலகத்தை வெல்கிறார்கள். அமெரிக்காவிலும் 2026-க்கென்று பெண்கள் தொழில்முறை பேஸ்பால் லீக் அறிவிக்கப்பட்டு, 2025 ஆகஸ்ட்டில் வாஷிங்டனில் வீராங்கனைகள் தேர்வு நடந்திருக்கிறது.

வேலைவாய்ப்பையும் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைகளுக்கான பட்டியலில் சாஃப்ட்பால் நெடுநாளாக இருக்கிறது. பேஸ்பால் 2020-இல்தான் சேர்க்கப்பட்டது. இப்போது இரண்டுமே பட்டியலில் உண்டு. தேசியப் பள்ளி விளையாட்டில் ஆடியதற்கான சான்றிதழுக்குப் படிவம் 4 என்று ஒன்று இருக்கிறது. மாநில அணிக்குத் தேர்வாகி ஆடினால் அதை மறக்காமல் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். மாநில அரசு வேலைக்கும் கல்லூரிச் சேர்க்கைக்கும் விதிகள் அவ்வப்போது மாறும் என்பதால், அந்தந்த வருஷத்து அறிவிப்பை மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தனி ஆட்டமா, ஒரே ஆட்டமா?

பெண்களுக்கென்று வேறொரு ஆட்டத்தை ஒதுக்குவது நமக்கும் புதிதில்லை. நம் பள்ளிகளில் எறிபந்து என்றால் பெண்பிள்ளைகள் ஆட்டம் என்றே நெடுங்காலம் இருந்தது. 1940-களில் ஒய்.எம்.சி.ஏ. வழியாகச் சென்னைக்கு வந்து பெண்கள் நடுவே பரவிய ஆட்டம் அது. பையன்கள் கைப்பந்து, பெண்கள் எறிபந்து. இங்கிலாந்தில் 1890-களில் கூடைப்பந்தைப் பெண்களுக்கென்று மாற்றி அமைத்த வலைப்பந்து, இலங்கைப் பள்ளிகளில் பெண்பிள்ளைகளின் ஆட்டமாக நிலைத்தது.

அப்படி ஒதுக்கப்பட்ட ஆட்டத்திலும் உச்சிக்குப் போகலாம் என்பதற்கு யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் உதாரணம். இரண்டு மீட்டருக்கு மேல் உயரமுள்ள அந்தத் தமிழ்ப்பெண்ணைத் தூணாகக் கொண்டு இலங்கை 2009, 2018, 2022 ஆண்டுகளில் ஆசிய வலைப்பந்துப் பட்டத்தை வென்றது. ஆட்டம் தனியாக இருப்பதில் குறை இல்லை. அதற்கு ஆசிரியரும் மைதானமும் போட்டியும் மேலே போக வழியும் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு வழியும் இருக்கிறது. ஆட்டம் ஒன்றுதான், அளவை மட்டும் கொஞ்சம் மாற்றிக்கொள்வது. கைப்பந்தில் ஆண்களுக்கு வலை உயரம் 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24. கபடியில் ஆண்கள் ஆடுகளம் 13-க்கு 10 மீட்டர், பெண்களுக்கு 12-க்கு 8. கிரிக்கெட்டில் பெண்கள் பந்தின் எடை சில கிராம் குறைவு, எல்லைக்கோடு கொஞ்சம் உள்ளே, பிட்ச் மட்டும் இருவருக்கும் அதே 22 கஜம். பெண்களுக்கு வேறு கிரிக்கெட் என்று யாரும் ஒதுக்கவில்லை. பெண்கள் உலகக் கோப்பை 1973-இல், ஆண்கள் உலகக் கோப்பைக்கு இரண்டு வருஷம் முன்பே, நடந்தது. அதே கோப்பையில் 2013-இல் சதமடித்த முதல் இந்தியப் பெண் சென்னையின் திருஷ் காமினி. 2025 நவம்பரில் இந்தியப் பெண்கள் அந்தக் கோப்பையையே கொண்டுவந்தார்கள்.

உங்கள் மலைக்கு நெருக்கமான உதாரணமும் இருக்கிறது. வல்வில் ஓரி ஆண்ட மலை, ஆடியில் அவன் பெயரால் செம்மேட்டில் விழா எடுத்து வில்வித்தைப் போட்டி நடத்தும் மலை உங்களுடையது. ஒலிம்பிக் வில்வித்தையில் ஆணும் பெண்ணும் 70 மீட்டர் தூரத்திலிருந்து, ஒரே அளவுள்ள இலக்கைப் பார்த்துத்தான் அம்பு விடுகிறார்கள். பெண்ணுக்கென்று இலக்கை அருகில் கொண்டுவந்து நட்டு வைப்பதில்லை. பேஸ்பாலுக்கும் இந்த வழி பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து.

மலையில் எது தோது?

இங்கே சாஃப்ட்பாலுக்குச் சாதகமாக ஒரு நேர்மையான காரணம் இருக்கிறது. சரிவும் படிக்கட்டு வயலுமாக இருக்கும் கொல்லிமலையில் சமதளம் கிடைப்பது அரிது. கிடைக்கும் இடத்தில் சாமையோ மரவள்ளியோ போடத்தான் தோன்றும். பெண்கள் சாஃப்ட்பாலுக்கு அடிக்கும் முனையிலிருந்து எல்லை வரை சுமார் 67 மீட்டர் போதும். கால்வட்டமாக விரியும் அந்த ஆடுபரப்பு ஒரு ஏக்கருக்கும் கொஞ்சம் குறைவு. பெரியவர்கள் பேஸ்பாலுக்கு 100 மீட்டருக்கு மேல் வேண்டும். இரண்டு ஏக்கருக்குக் குறையாமல் சமதளம் தேவைப்படும். ஆகவே சின்ன மைதானமுள்ள மலைப்பள்ளியில் சாஃப்ட்பால் ஆடுவது புத்திசாலித்தனம். ஆனால் அந்தக் காரணம் பையன்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் ஒன்றேதான். இடம் இல்லை என்றால் இருவருமே சாஃப்ட்பால் ஆடலாம். இடம் இருந்தால் இருவருமே இரண்டும் ஆடலாம்.

பேஸ்பாலையும் பிள்ளைகளுக்கேற்பச் சுருக்கிக்கொள்ள முடியும். அமெரிக்காவில் 12 வயது வரை பையன்களே 60 அடி பேஸில்தான் பேஸ்பால் ஆடுகிறார்கள், பிட்சர் 46 அடியிலிருந்து எறிகிறார். சாஃப்ட்பாலுக்குக் கோடு போட்ட அதே மைதானத்தில் அதை ஆடிவிடலாம்.

பேஸ்பால்5 என்று ஒன்றும் வந்திருக்கிறது. இரண்டு ஆட்டங்களுக்கும் பொதுவான உலக அமைப்பே 2018-இல் கொண்டுவந்தது. மட்டை வேண்டாம், கையுறை வேண்டாம், ஒரு ரப்பர் பந்து போதும். கையால் அடித்து ஓட வேண்டும். அணிக்கு ஐந்து பேர், ஐந்து இன்னிங்ஸ், பேஸுக்குப் பேஸ் 13 மீட்டர். முக்கியமாக, ஆணும் பெண்ணும் ஒரே அணியில் சேர்ந்து ஆடும் ஆட்டம் இது. 2026 டக்கார் இளையோர் ஒலிம்பிக்கில் இதற்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். பள்ளி முற்றத்தில் நாளைக்கே தொடங்கலாம்.

இப்போது என்ன செய்யலாம்?

உங்கள் மகள் சாஃப்ட்பால் அணியில் சேரட்டும். போட்டி வாய்ப்பு இன்றைக்கு அதில் அதிகம். பந்தைப் பிடிப்பது, அடிப்பது, பேஸ் ஓடுவது, தூரத்திலிருந்து குறிபார்த்து எறிவது எல்லாம் இரண்டு ஆட்டத்துக்கும் பொது. அவள் தூரமாக எறிகிறாள் என்கிறீர்களே, அந்தக் கை சாஃப்ட்பாலில் எல்லைப் பக்கமாக, அவுட்ஃபீல்டில் நிற்பவருக்கும் மூன்றாவது பேஸில் நிற்பவருக்கும் அவசியம் வேண்டும். பிட்சர் மட்டும்தான் கீழிருந்து எறிய வேண்டும், மற்ற எட்டுப் பேரும் தோளுக்கு மேலிருந்தே எறிகிறார்கள்.

கூடவே, வாரத்தில் ஒரு பி.டி. பீரியடாவது பேஸ்பால் பந்திலும் பழக விடுங்கள் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். “சார், பெண்பிள்ளைகளுக்கும் நேஷனல் பேஸ்பால் இருக்காமே, எங்க பிள்ளையையும் பழக்குங்க” என்று சொன்னாலே போதும். பெரும்பாலான உடற்கல்வி ஆசிரியர்கள் சந்தோஷமாக ஒப்புக்கொள்வார்கள். மாவட்டத்தில் பேஸ்பால் அணித் தேர்வு எப்போது நடக்கும், பெண்களுக்கும் உண்டா என்று முன்கூட்டியே விசாரித்துச் சொல்லும்படி அவரையே கேட்டுக்கொள்ளுங்கள்.

மலைப்பிள்ளைகளுக்கு உள்ள பெரிய தடை பந்தின் அளவில் இல்லை, அம்மா. தேர்வுக்கும் போட்டிக்கும் 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி நாமக்கல்லுக்கோ அதற்கும் அப்பாலோ போய்வர வேண்டும். பஸ் நேரம் ஒத்துவராது, துணைக்கு ஆள் இருக்காது, இரவு தங்க இடம் இருக்காது. பையனை அனுப்பும் வீடு, பெண்ணை அனுப்பத் தயங்குவது இங்கேதான். பள்ளி நிர்வாகம் பெண் ஆசிரியர் ஒருவரைத் துணைக்கு அனுப்பி, பயணச் செலவையும் ஏற்றால் பாதித் தடை நீங்கிவிடும். பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் நீங்கள் எழுந்து கேட்க வேண்டியது இதைத்தான். மற்ற தாய்மாரையும் சேர்த்துக்கொண்டு கேளுங்கள்.

இதைப் படிக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பையன்கள், பெண்கள் என்று வரிசை பிரித்து மட்டை கொடுக்கும் முன், எல்லாப் பிள்ளைகளின் கையிலும் இரண்டு பந்தையும் கொடுத்து எறியச் சொல்லிப் பாருங்கள். யாருக்கு எது கைவருகிறது என்று பார்த்த பிறகு அணி பிரியுங்கள். ஆலத்தூர் நாட்டு மாணவி இந்திய அணிக்கு ஆடுவதை எந்த விதியும் தடுக்கவில்லை. சாஃப்ட்பாலில் ஆடலாம், பேஸ்பாலிலும் ஆடலாம். இதை உங்கள் மகளிடம் இப்படியே சொல்லுங்கள், அம்மா.